தடைப்பட்டியலே எங்கள் உடைப்பட்டியல்

வைக்கிங் என்றதும் கொம்பு வைத்த தலைக்கவசம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்தக் கொம்பு பொய். வைக்கிங் காலத்துக் கல்லறை எதிலும் அப்படியொரு கவசம் கிடைக்கவில்லை. 1876-இல் ஜெர்மனியில் வாக்னரின் இசைநாடகத்துக்கு உடை வடிவமைத்தவர் நடிகர்களின் தலையில் வைத்த கொம்பு, பிறகு சினிமா, கார்ட்டூன், பொம்மைக்கடை என்று பரவி ஒரு வரலாறாகவே நிலைத்துவிட்டது. யாருக்கு எந்த உடையை மாட்டிவிடுகிறார்களோ அதுவே நாளை அவர்களின் வரலாறாகிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

காரைக்குடியில் இருந்துகொண்டு வைக்கிங்குகளைப் பற்றி எதற்கு எழுதுகிறோம் என்று கேட்பீர்கள். எங்கள் குழு தொடங்கியதே அங்கிருந்துதான். நாங்கள் பதினோரு பேர். பாதிப்பேர் கல்லூரி மாணவர்கள். மீதிப்பேரில் ஒரு தையல்காரர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், ஒரு பள்ளி ஆசிரியை உண்டு. அம்பேத்கர் படிப்பு வட்டமாக மாதம் ஒருமுறை கூடிக்கொண்டிருந்தோம். எங்களில் இருவர் வைக்கிங் தொடரை இரவிரவாகப் பார்த்து முடித்துவிட்டு, ஐரோப்பாவில் நடக்கும் வைக்கிங் சந்தைகளின் வீடியோக்களைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். "அண்ணே, இதே மாதிரி நம்ம ஊர்ல நம்ம கதைய செஞ்சா என்ன?" என்று கேட்டார்கள்.

அங்கே இதை 'வாழும் வரலாறு' என்கிறார்கள். மேடை நாடகம் போல வசனம் பேசிவிட்டுப் போவது இல்லை. ஒரு காலத்தைத் தேர்ந்தெடுத்து, அந்தக் காலத்து உடையை அந்தக் காலத்து முறைப்படி தைத்து, அதே பாத்திரத்தில் சமைத்து, அதே கருவியால் மரம் செதுக்கி, பார்க்க வருகிறவர்களோடு பேசிக்கொண்டே வாழ்ந்து காட்டுவது. டென்மார்க்கில் லெய்ரே என்ற ஊரில் 1964-இலேயே இதற்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தில் 1971 முதல் வைக்கிங் குழுக்கள் இயங்குகின்றன. நம் தமிழ்நாட்டில் இதற்குப் பக்கத்தில் வருவது சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா. பழைய வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து அங்கே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அதில் செட்டிநாட்டு வணிகர் வீடும் ஒன்று.

வைக்கிங் குழுக்களின் விதிமுறைகளைப் படித்தோம். கைக்கடிகாரம் கூடாது. பிளாஸ்டிக் கண்ணில் படக் கூடாது. கம்பளி, லினன் தவிர வேறு துணி கூடாது. வாளின் விளிம்பு மழுங்கியிருக்க வேண்டும். அணிந்திருக்கும் ஒவ்வொன்றுக்கும் எந்த அகழாய்வில் என்ன சான்று கிடைத்தது என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தக் கறார்த்தனம் எங்களுக்குப் பிடித்திருந்தது. 'எங்கள் முப்பாட்டன் சிங்கத்தை அடக்கினான்' என்று ஃபிளெக்ஸ் அடிக்கும் ஊரில், சான்று எங்கே என்று கேட்கும் ஒரு பழக்கம் வந்தால் நல்லதுதானே.

ஆனால் அந்தச் சந்தைகளில் யார் யாராக நிற்கிறார்கள் என்று பார்த்தோம். எல்லோரும் வீரர்கள், வணிகர்கள், தலைவர்கள். அடிமையாக நிற்கிறவரைக் காண்பது அரிது. வைக்கிங் சமூகம் அடிமைகளின் உழைப்பில் நின்ற சமூகம். டப்ளின் அவர்களுடைய பெரிய அடிமைச் சந்தை. மனிதரைப் பூட்டும் இரும்பு வளையங்கள் அகழாய்வுகளில் கிடைத்திருக்கின்றன. பழைய நார்ஸ் மொழியில் ரீக்ஸ்துலா என்றொரு பாட்டு உண்டு. அதில் ஒரு கடவுள் மூன்று வீடுகளுக்குப் போகிறார். முதல் வீட்டில் திரால் பிறக்கிறான்: கருத்த தோல், முரட்டுக் கை, வளைந்த முதுகு. எரு போடுவதும் பன்றி மேய்ப்பதும் அவன் பிள்ளைகளின் வேலை. இரண்டாம் வீட்டில் உழவன் கார்ல். மூன்றாம் வீட்டில் பிரபு யார்ல். இதைப் படித்தபோது எங்கள் வட்டத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. புருஷ சூக்தத்தின் தூரத்து உறவு என்று உடனே புரிந்துகொண்டார்கள். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே திரால் என்ற நிலை சில நூற்றாண்டுகளில் ஒழிந்தது. இன்று யாரும் தன்னைத் திராலின் பேரன் என்று சொல்லி வாடகைக்கு வீடு மறுக்கப்படுவதில்லை. அதனால்தான் அவர்களால் வரலாற்றை வார இறுதிப் பொழுதுபோக்காக உடுத்திக் கழற்ற முடிகிறது. நமக்கு அந்த வசதி இல்லை.

எங்கள் வட்டாரத்தில் வரலாற்றை நடத்திக் காட்டுவது புதிதும் இல்லை. ஒவ்வொரு திருவிழாவும் அதுதான். யார் வடம் பிடிப்பது, யாருக்கு முதல் மரியாதை, யார் எவ்வளவு தூரத்தில் நிற்பது என்று ஆண்டுதோறும் ஒத்திகை பார்க்கிறார்கள். பாத்திரத்தை மாற்றிக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு உஞ்சனை இருக்கிறது. 1979-இல் புரவியெடுப்புப் பிரச்சினையில் அங்கே நம்மவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். கண்டதேவித் தேரில் எல்லோரும் வடம் பிடிக்க வேண்டும் என்ற கோரிக்கை நீதிமன்றம் வரை போனது. பல ஆண்டுகள் நின்றுகிடந்த தேர் 2024 ஜூனில் பலத்த போலீஸ் காவலோடுதான் ஓடியது. இது வாழும் வரலாறு இல்லாமல் வேறென்ன?

இன்னொரு பக்கம் மாளிகைச் சுற்றுலா. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்ந்தன. பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் பூசிய சுவர் என்று வழிகாட்டிகள் சொல்லிக்கொண்டே போவார்கள். கீழடியின் பொருள்களுக்கு 2023-இல் எழுப்பிய அருங்காட்சியகத்தையும் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில்தான் கட்டினார்கள். சிவகங்கை மாவட்டத்தில் வரலாறு என்றால் அந்த முற்றமும் தூணும்தான் என்று ஆகிவிட்டது. அந்தக் கல்லைச் சுமந்தது யார், அந்தச் சுண்ணாம்பை அரைத்தது யார் என்பதற்கு ஒரு பலகைகூட இல்லாத வீடுகளை நாங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறோம்.

எனவே எந்தக் காலத்தைத் தேர்ந்தெடுப்பது என்பதே எங்கள் முதல் சண்டை. குழுவில் சிலர் சோழர் காலம் என்றார்கள், நாமும் ஆண்ட பரம்பரைதான் என்று காட்ட வேண்டும் என்றார்கள். அந்த ஆசை புரிகிறது. எல்லாச் சாதிக்கும் ஒரு ராஜா இருக்கும்போது நமக்கு மட்டும் ஏன் கூடாது என்ற கோபம் அது. ஆனால் ராஜா இருந்தான் என்று நிரூபித்தால்தான் மரியாதை என்றால், ராஜா இல்லாதவருக்கு மரியாதை இல்லை என்பதை நாமே ஒப்புக்கொண்டதாகும். அது யார்லின் கணக்கு. ஐரோப்பாவிலும் வைக்கிங் சின்னங்களை நாஜிகள் எடுத்துக்கொண்டு போனது இந்த வழியில்தான்.

கடைசியில் 1930-ஐத் தேர்ந்தெடுத்தோம். காரணம், அந்த ஆண்டுக்கு எங்களிடம் எழுத்துச் சான்று இருந்தது. 1930 டிசம்பரில் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். சிவகங்கை அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தது. 1985-இல்தான் தனி மாவட்டம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இந்தத் தடைகளைச் சாதி பற்றிய தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் மேலுடம்பைத் துணியாலோ ரவிக்கையாலோ தாவணியாலோ மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

நம்மவர்கள் கேட்கவில்லை. குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடுமாடுகள் கொள்ளை போயின. அடுத்து 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக் கூடாது, மண்குடம்தான். குடத்துக்குத் துணிச் சும்மாடு கூடாது, வைக்கோல் சும்மாடுதான். பிள்ளைகள் படிக்கக் கூடாது, மிராசுதார் மாடுகளை மேய்க்க வேண்டும். நிலத்தை வாரத்துக்கோ குத்தகைக்கோ எடுக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை கூலி வேலை: ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. கல்யாணத்துக்கு மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது. வீட்டுக் கதவைப் பல்லக்காகத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

எங்கள் ஆசிரியைத் தோழர் கரும்பலகையில் கணக்குப் போட்டார். பதினாறு அணா ஒரு ரூபாய். நாளுக்குப் பதினொரு மணி நேரம் உழைத்தால் ஆணுக்கு ஒரு ரூபாய் சேர நான்கு நாள், பெண்ணுக்கு எட்டு நாள்.

இப்போது சிக்கல் வந்தது. வாழும் வரலாற்றின் முதல் விதி, அந்தக் காலத்து உடையை அப்படியே அணிவது. அப்படியானால் 1930-ஐக் காட்ட நாங்கள் சட்டையைக் கழற்ற வேண்டுமா? எங்கள் தோழியர் என்ன செய்வது? உண்மையைக் காட்டுவதென்றால் இழிவையும் காட்டத்தான் வேண்டும் என்று ஒரு தரப்பு சொன்னது. அந்த இழிவைப் படம் பிடித்துப் போட நாளைக்கு ஆயிரம் பேர் வருவான் என்றது மறுதரப்பு.

இந்த வழக்கை ஓர் அப்பத்தாவிடம் கொண்டுபோனோம். எங்கள் தோழர் ஒருவரின் அப்பத்தா, எண்பதைத் தாண்டியவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க ஆத்தா ரவிக்க போட்டுக்கிட்டுத் தெருவுல நடந்ததுக்கு அடி வாங்குனவ. அவள ரவிக்க இல்லாம நிறுத்திக் காட்டப் போறீகளா? அவ போட்ட ரவிக்கையக் காட்டுங்கடா."

அதன் பிறகு பட்டியலைத் திரும்பப் படித்தோம். யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்ய மாட்டார்கள். குடை பிடிக்காதே என்றால் குடை பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். குதிரையில் போகாதே என்றால் போயிருக்கிறார்கள். நிலத்தை விற்றுவிடு என்றால் நிலம் இருந்திருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். அந்த மாவட்டத்திலிருந்து பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கூலிக்குப் போனவர்களில் நம்மவர்கள் ஏராளம். மாளிகைத் தூணுக்குத் தேக்கு வந்த அதே கடல் வழியாகத்தான் நம் தெருவுக்குச் சட்டைத் துணியும் வந்தது. ஹட்டன் எழுதி வைத்திருப்பது நம் இழிவின் பட்டியல் மட்டும் அல்ல. 1930-இல் நம் முன்னோர் என்னென்ன அணிந்தார்கள், புழங்கினார்கள் என்பதற்கு எதிரியே எழுதித் தந்த சான்றிதழ். வைக்கிங் குழுவினர் கல்லறையைத் தோண்டி எடுக்கும் உடைப்பட்டியலை நமக்கு நாட்டார்களே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இதே கேள்வியைக் கறுப்பின மக்களும் சந்தித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்ற பழைய நகரமே வாழும் வரலாற்று அருங்காட்சியகமாக இயங்குகிறது. 1994-இல் அங்கே ஓர் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டினார்கள். முன்னின்று நடத்தியவர்கள் அங்கே பணியாற்றிய கறுப்பினத்தவர்களே. இருந்தும் கறுப்பின உரிமை அமைப்புகள் எதிர்த்தன. 2019-இல் லூசியானாவில் டிரெட் ஸ்காட் என்ற கலைஞர் வேறொன்று செய்தார். 1811-இல் அங்கே அடிமைகள் நடத்திய கலகத்தை நூற்றுக்கணக்கான கறுப்பின மக்கள் பழைய உடையணிந்து, நியூ ஆர்லியன்ஸ் நோக்கி இரண்டு நாள் நடந்து மறுபடி நிகழ்த்தினார்கள். உண்மையில் அந்தக் கலகம் ஒடுக்கப்பட்டது, கலகக்காரர்களின் தலைகள் கம்பங்களில் நடப்பட்டன. இவர்கள் கொண்டாட்டத்தோடு முடித்தார்கள். ஏலத்தையும் காட்டத்தான் வேண்டும் என்பவர்களின் நியாயத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நம் தெருவில், நம் பிள்ளைகள் முன்னால் செய்யும்போது கலகம்தான் முதலில் வர வேண்டும்.

எங்கள் நிகழ்ச்சி எளியது. வெள்ளை முண்டா பனியன், காலர் வைத்த பருத்திச் சட்டை, கணுக்கால் வரை வேட்டி, கண்டாங்கிச் சேலை, ரவிக்கை. 1930-இல் கைத்தையல் மெஷின் புழக்கத்தில் இருந்ததால் மெஷின் தையல் செல்லும். டெரிகாட்டன் செல்லாது. பித்தளைக் குடமும் பழைய குடையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பேரம் பேசி வாங்கியவை. மண்குடம் மானாமதுரையிலிருந்து வந்தது. தெருவின் நடுவில் எல்லாவற்றையும் பரப்பி வைப்போம். ஒருவர் தடைகளை ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொரு தடைக்கும் ஒருவர் எழுந்து, தடுக்கப்பட்டதைச் செய்வார். குடை விரியும். செருப்பு மாட்டப்படும். வைக்கோல் சும்மாட்டை எடுத்துப்போட்டுவிட்டுத் துணிச் சும்மாட்டில் பித்தளைக் குடம் ஏறும். பிள்ளைகள் படிக்கக் கூடாது என்ற தடையை மட்டும் அந்தத் தெருவின் பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்றுதான் படிக்கும். முடிந்ததும் அவரவர் வீட்டிலிருந்து பழைய பொருள்களை எடுத்துவந்து பேசத் தொடங்குவார்கள். எங்களுக்கு முக்கியமே அந்தப் பேச்சுதான். ஒப்புதல் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் பதிவு செய்கிறோம்.

பட்டியலைப் படிப்பவர் நாட்டார் சமூகத்தில் பிறந்த தோழர். அவரை யாரும் கேட்கவில்லை. "எங்க தாத்தாவுக்குத் தாத்தா போட்ட தடையா இருக்கலாம், நானே படிக்கிறேன்" என்று அவராக வந்தார். இதற்காக அவர் வீட்டில் பட்டது தனிக்கதை. அதை அவர் எழுதட்டும்.

சோதனையும் வந்தது. மாளிகையை விடுதியாக்கி நடத்தும் ஒருவர், வெளிநாட்டு விருந்தினருக்கு 'பழைய கிராமம்' காட்ட எங்களை அழைத்தார். ஒரு மாலைக்கு அவர் சொன்ன தொகை எங்கள் ஓராண்டுச் சந்தாவைவிட அதிகம். நிபந்தனை: பறை வேண்டும், பட்டியல் வேண்டாம், ஆண்கள் சட்டை இல்லாமல் வர வேண்டும், 'அப்பத்தான் ஒரிஜினலா இருக்கும்'. எங்கள் தையல்காரத் தோழர் சொன்ன பதில்: "சட்டையோட வர்றதுதான் சார் ஒரிஜினல்." அந்தப் பணம் வந்திருந்தால் எங்கள் மாணவர்கள் இருவரின் பருவக் கட்டணம் கட்டியிருக்கலாம். சுலபமாக எடுத்த முடிவு இல்லை. இரண்டு வாரம் பேசினோம். போகவில்லை.

குழு தொடங்க நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நாங்கள் கடைப்பிடிக்கும் சிலவற்றைச் சொல்கிறோம். சேரிக்குள், அங்கே குடியிருப்பவர்களின் ஒப்புதலோடு மட்டுமே நிகழ்த்துங்கள். நிகழ்ச்சி முடிந்து நாம் பேருந்து ஏறிவிடுவோம், அவர்கள் அங்கேயே இருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் எந்தத் தெருவின் பெயரும் இல்லாததற்குக் காரணம் அதுதான். ஊர்த் திருவிழா நாள்களைத் தவிருங்கள். காவல் நிலையத்தில் எழுத்தாகத் தெரிவித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். ஒரு வழக்கறிஞரின் எண்ணைக் கையில் வைத்திருங்கள். பெண்களின் உடை, பெண்களின் பாத்திரம் பற்றிப் பெண்கள் மட்டுமே முடிவு செய்யட்டும். அடிப்பதை, எரிப்பதை நடித்துக் காட்டாதீர்கள். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போதும். கணக்கைக் கூட்டத்தில் சத்தமாகப் படியுங்கள். சான்று இல்லாததைப் பெருமைக்காகச் சேர்க்காதீர்கள். ஒரு பொய்க் கொம்பு போதும், மீதி எல்லாவற்றையும் சிரித்துத் தள்ளிவிடுவார்கள்.

உங்கள் மாவட்டத்துக்கும் இப்படியொரு பட்டியல் எங்காவது இருக்கும். ஒரு தீர்ப்பில், கணக்கெடுப்பு அறிக்கையில், பஞ்சாயத்துக் கட்டுப்பாட்டில், இல்லையென்றால் ஒரு கிழவியின் நினைவில். தேடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் எவ்வளவு துன்பப்பட்டீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். அதைச் சொல்லிச் சொல்லி அவர்கள் களைத்துவிட்டார்கள். நம் வீட்டில் முதலில் சட்டை போட்டது யார், துணி எங்கிருந்து வந்தது, தைத்துக் கொடுத்தது யார், அதைப் போட்டுக்கொண்டு எந்தத் தெரு வழியாக நடந்தார் என்று கேட்டுப் பாருங்கள். பதிவுக்கருவியை மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.